கூண்டு கட்டும் நாமக்கல்

சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல் செல்வோர் சாலையில் ஒரு விந்தையைக் காணலாம். கூண்டும் கூரையுமற்ற வெறும் சேஸ் ஒன்று, தலையில் துண்டு கட்டிய ஓட்டுநரைச் சுமந்து விரையும். தொழிற்சாலை அதற்கு ஈந்தவை இயந்திரம், சக்கரம், இரும்புச் சட்டம் ஆகியனவே. முன்கூண்டையும் பாரப்பெட்டியையும் நாமக்கல் பட்டறைகளில் தச்சரும் கொல்லரும் வண்ணம் தீட்டுவோரும் கூடிக் கட்டித் தருகின்றனர். அண்டையிலுள்ள திருச்செங்கோட்டிலோ, அத்தகைய சட்டத்தின்மீது துளைக்கருவியை ஏற்றி, பாறையைக் குடையும் ரிக் வண்டியாக அமைக்கின்றனர். மழை குறைந்த இச்சமவெளியின் மக்கள் அவ்வண்டிகளோடு பிற மாநிலங்களுக்கும் சென்று நீர் கண்டு தருகின்றனர்.

நெடுந்தொலைவு செல்லும் லாரி ஓட்டுநருக்கு முன்கூண்டே பல நாள் இல்லம். 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளின் முன்கூண்டில் குளிர்சாதனம் வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. இயந்திரச் சூட்டில் வெந்தவர்க்கு இது ஆறுதலே. ஆயினும் ஆலையிலேயே கூண்டுடன் வரும் லாரிகள் பெருகுவதால், பட்டறைகளில் உளி பிடித்த கைகளுக்கு வேலை சுருங்குகிறது. ஒருவரின் நலம் மற்றவரின் பசியாக மாறலாகாது. கூண்டு கட்டும் தொழிலாளருக்குப் புதிய தொழில்நுட்பத்தைக் கற்பித்தல் இன்றைய கடமையன்றோ?