தில்லையில் தில்லை மரம் எங்கே? குட்டீஸுடன் சிதம்பரம் - பிச்சாவரம் - கடலூர் ஒருநாள் உலா!

``நாளைக்கு ஸ்கூல் லீவு'' என்று வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் வந்ததுமே பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். அம்மா, அப்பாவுக்குத்தான் கவலை தொடங்கும். நாள் முழுக்க போனும் டி.வி-யுமாகக் கழிந்துவிடுமே!

கடலூர்க்காரர்களுக்கு விடை பக்கத்திலேயே இருக்கிறது. சுமார் 45 கிலோமீட்டரில் சிதம்பரம். அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் பிச்சாவரம். மாலையில் ஊர் திரும்பினால் சில்வர் பீச். ஆனால், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் ஓடினால், மதியத்துக்குள் குழந்தைகள் சிணுங்கத் தொடங்கிவிடுவார்கள். கொஞ்சமாகப் பார்ப்பதும், இடத்துக்கு ஒரு விளையாட்டு வைத்துக்கொள்வதும்தான் இந்த உலாவின் ரகசியம்.

காலை: மூச்சை எண்ணும் விளையாட்டு

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் மயிலாடுதுறை மார்க்கத்தில் செல்லும் ரயிலைப் பிடித்தால், பயணமே பிள்ளைகளுக்குப் பாதி கொண்டாட்டம். நேரம் ஒத்துவராவிட்டால் பஸ் இருக்கவே இருக்கிறது. எப்படிப் போனாலும் நடராஜர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. பகல் 12 மணிவாக்கில் நடை சாத்தினால், மாலையில்தான் திறப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் கல் தரையில் பிஞ்சுப் பாதங்களை வைக்கவும் முடியாது.

கோபுர வாசலில் நுழையும்போதே முதல் விளையாட்டு தயார். இருபுறச் சுவர்களிலும் கட்டம் கட்டமாக நடனச் சிற்பங்கள். பரதரின் நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள் இவை. ``எந்த அக்கா ஒரு காலைத் தூக்கியிருக்காங்க?'' என்று கேட்டால் போதும். குழந்தைகள் தேடிப் பிடித்து, அதேபோல நின்றும் காட்டுவார்கள்.

உள்ளே, சிற்சபையின் பொற்கூரையில் 21,600 ஓடுகள் என்பது மரபு. மனிதர் ஒரு நாளில் விடும் மூச்சுகளின் எண்ணிக்கையாம் அது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் 60-ஆல் பெருக்கி, மறுபடி 24-ஆல் பெருக்க, சரியாக 21,600 வரும். சிவகங்கைக் குளத்தங்கரையில் உட்கார்ந்து, ஒரு நிமிடம் அப்பா மூச்சையும் பிள்ளை மூச்சையும் எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைக்குத்தான் எண்ணிக்கை கூடுதலாக வரும். சின்னவர்கள் வேகமாக மூச்சு விடுவார்கள் என்பதும் அப்போது புரிந்துவிடும்.

கிளம்பும்முன் ஒரு விடுகதை. ``இந்த ஊருக்குத் தில்லைனு இன்னொரு பேர். தில்லை மரங்கள் இருந்த காடாம். இப்போ அந்த மரமெல்லாம் எங்கே?''

முற்பகல்: விடை இருக்கும் காடு

விடை பிச்சாவரத்தில் இருக்கிறது. சுரபுன்னை, கண்டல் மரங்களோடு தில்லை மரமும் இந்தச் சதுப்பு நிலக் காட்டில் வளர்கிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில் மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. குழந்தைகளுக்குத் துடுப்புப் படகே பொருத்தம். மரங்கள் கூரைபோலக் கவிந்த குறுகிய கால்வாய்களுக்குள் அதுதான் நுழையும். சேற்றிலிருந்து பென்சில்போல நீட்டிக்கொண்டிருக்கும் வேர்கள் மரம் மூச்சு விடுவதற்கானவை. கோயிலில் மூச்சை எண்ணிய பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும்.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பு தேவை. குழந்தையின் அளவுக்குச் சரியான லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி மாட்டிய பிறகே படகில் ஏற்ற வேண்டும். அடுத்தது, இலைகளைப் பறிக்கவிடக் கூடாது. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். படகோட்டியிடம் கேட்டு, மரத்தைத் தள்ளி நின்று பார்ப்பதே சரி.

வெயில் உச்சிக்கு வரும்முன் சிதம்பரம் திரும்பினால், சாப்பாட்டுக்குச் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் தேடலாம். காரம் ஆகாத வாண்டுகளுக்கு இட்லி அல்லது தயிர் சாதம். சாப்பிட்டதும் கடலூர் பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம்.

மாலை: பந்து விழும் தூரம் வரை

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் பக்கத்தில்தான் புனித டேவிட் கோட்டையின் மிச்சங்கள் இருக்கின்றன. 1690-ல் மராத்தியரிடமிருந்து இந்தக் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் கம்பெனிக்கே என்பது பேரம். நாலாபக்கமும் சுட்டு எல்லை வகுத்தார்களாம். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரின் பின்னணியாகவும் இதைத்தான் சொல்வார்கள்.

மணலில் இதையே விளையாடலாம். நடுவில் ஒரு மணல் கோட்டை. நான்கு பக்கமும் பந்தை எறிந்து, விழுந்த இடத்தில் கோடு போட்டால் அதுதான் `நம்ம நாடு'. ``அந்த ஊர்ல இருந்தவங்களைக் கேட்டாங்களா?'' என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்டால், இந்த லீவு வீண் போகவில்லை என்று அர்த்தம்.

அலையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது முக்கியம். குளிக்க இறங்க வேண்டாம். குழந்தையின் கையையும் விட வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பெரும் இழப்பைச் சந்தித்த கரை இது. அன்று பிச்சாவரத்தில் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் பாதிப்பு குறைவாக இருந்தது. அலைநடுவே பார்த்து வந்த அந்த மரங்கள் செய்த வேலையைக் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இங்கே சொல்லலாம்.

கவனிக்க:

* மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால், மூன்று இடங்களில் ஒன்றைக் குறைத்துவிடலாம்.

* ஆருத்ரா தரிசனத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டால், கோயிலில் கூட்டம் நெரியும். கைக்குழந்தைக்காரர்களுக்கு அன்று பீச் மட்டும் போதும்.

* மழைக்காக விட்ட லீவு என்றால், அன்று வீடுதான். இந்த உலா வெயில் அடிக்கும் வேறொரு நாளுக்கு.

* தொப்பி, தண்ணீர், மாற்றுத்துணி, காலில் ஒட்டிய மணலைத் துடைக்க ஒரு துண்டு... பையில் இவை போதும்.

* இருட்டும் முன் வீடு திரும்பிவிடலாம். மறுநாள் ஸ்கூல் இருக்கிறதே!