பரண்மேல் கிடந்த பாட்டு

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில் புத்தலப்பட்டு என்னும் ஊர் உண்டு. திருமலைக்குச் செல்லும் அன்பர்கள் பேருந்தின் சன்னல் வழியே அதனைக் கண்டிருக்கலாம். பெயர்ப்பலகை தெலுங்கில் இருப்பதால் வேற்றூர் என எண்ணிக் கடந்தும் இருக்கலாம். எனக்கோ அது தாய்மாமன் ஊர். 1911இல் வடஆர்க்காட்டின் ஒரு பகுதியையும் கடப்பையின் ஒரு பகுதியையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைத்தனர். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. புத்தலப்பட்டு ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. எல்லைக்கோடு எங்கு ஓடினாலும் எங்கள் வீட்டார் அடுப்பங்கரையில் தமிழும் சந்தையில் தெலுங்குமாக வாழ்ந்து வந்தனர்.

என் மாமா கூத்துப் பாடகர். அப்பகுதியில் திரௌபதியம்மன் கோயில்தோறும் கோடையில் பாரதத் திருவிழா நடக்கும். பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து. அருச்சுனன் தபசு அன்று, வேடம் தரித்தவர் உயர்ந்த தபசு மரத்தில் ஏறியவாறே பாட வேண்டும். ஒலிபெருக்கி பழுதானாலும் ஊரின் கடைசி வீடு வரை கேட்கும் குரல் மாமாவுடையது. தமிழர் தெருவில் தமிழிலும் மற்றத் தெருவில் தெலுங்கிலும் அதே பாட்டை, அதே சுருதியில் பாடுவார்.

2007ஆம் ஆண்டு கோடையில் அக்குரலைப் பதிவு செய்தேன். அப்பொழுது எனக்குக் கணினி இசையில் பெரும்பித்து. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து முந்தைய ஆண்டு ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றை முறையாக விலை கொடுத்து வாங்கியிருந்தேன். திருட்டுக் குறுந்தகடு எளிதாகக் கிடைத்த நாள்கள் அவை. நேர்மையாக வாங்கியவன் என்ற செருக்கு எனக்குக் கொஞ்சம் உண்டு. மாமா வீட்டு உள்ளறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய வழிய ஒன்பது நாள்கள் பாடினார். ‘இதைத் தட்டாகப் போட்டுத் தருகிறேன்’ என்று வாக்களித்தேன். மறு ஆண்டு அயல்நாட்டு வேலை வந்தது. கணினியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு விமானம் ஏறினேன். பிறகு பிள்ளைகள், வீட்டுக்கடன், பனி, இசை நின்றது. பதினேழு ஆண்டுகள் ஓடின.

சென்ற ஆண்டு, 2025இல், விடுமுறைக்குச் சென்றேன். எண்பதைக் கடந்த மாமா திண்ணையில் அமர்ந்திருந்தார். குரல் முற்றும் போயிருந்தது; காற்றுப் போலத்தான் பேசினார். நலம் விசாரித்து முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே: “ஏண்டா, அந்தப் பாட்டையெல்லாம் எங்கடா வெச்சே?”

“இருக்கு மாமா, எடுத்துத் தரேன்” என்றேன். எடுத்துத்தர முடியுமா என்பது எனக்கே தெரியாது.

பரணிலிருந்து இறக்கிய கணினி உயிர் பெறவில்லை. சித்தூரில் ஒரு கடைக்காரர் அதன் வன்தட்டைக் கழற்றி என் மடிக்கணினியோடு இணைத்துக் கொடுத்தார். கோப்புகள் அப்படியே இருந்தன! ஆயின் மகிழ்ச்சி அரை நாழிகைதான். மாமாவின் குரல் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடந்தது. ஒவ்வொன்றும் வேவ் கோப்பு. 1991இல் மைக்ரோசாப்டும் ஐ.பி.எம்மும் வகுத்த அந்த வடிவத்தைத் திறக்க எவர் அனுமதியும் வேண்டுவதில்லை. தட்டினேன், கேட்டது. இருமல் கேட்டது, தப்பிப்போன அடி கேட்டது, “காபி ஆறுது” என்ற அத்தையின் குரலும் கேட்டது. எந்தத் துண்டு நல்லது, எதன்பின் எது வரவேண்டும், எங்கே வெட்டி எங்கே ஒட்டினேன் என்ற கணக்கு மட்டும் தனியாக வேறொரு கோப்பில் இருந்தது. அக்கோப்பை அந்த மென்பொருள்தான் படிக்கும். மென்பொருளைத் திறக்க உரிமம் வேண்டும்.

உரிமம் இருந்த இடம் ஒரு டாங்கிள்: கட்டைவிரலளவு யூ.எஸ்.பி. பொருள். கணினியில் அதைச் செருகினால்தான் மென்பொருள் இயங்கும். அதனைத் தேடி வீட்டையே தலைகீழாக்கினேன். இரண்டாம் நாள் அத்தை சமையலறை ஆணியிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து வந்தார். “நீ இதைச் சாவின்னு சொல்லிட்டுப் போனியேப்பா! எந்தப் பூட்டுக்குன்னு தெரியல, கொத்துலயே கோத்து வெச்சேன்” என்றார். பதினேழு ஆண்டுகள் நெற்குதிர்ச் சாவியோடு தொங்கியிருக்கிறது.

சாவி கிடைத்தும் பூட்டுத் திறக்கவில்லை. இன்றைய கணினிக்கு அந்தப் பழைய பதிப்பு ஏலாது. புதிய பதிப்புக்கு மாற, நிறுவனத்தின் கணக்கில் நுழைய வேண்டும். கடவுச்சொல் நினைவில்லை. மறந்தவர்க்கு மின்னஞ்சலில் வழி சொல்வார்கள். என் மின்னஞ்சலோ நான் விட்டுவந்த அலுவலகம் தந்தது. அங்கு எனக்கு இப்பொழுது மேசையும் இல்லை, முகவரியும் இல்லை. நான் நான்தான் என்று மெய்ப்பிக்க வேண்டிய சான்று இல்லாத முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. இதற்கிடையில் அந்த நிறுவனமே வேறொருவர் கைக்கு மாறிவிட்டிருந்தது.

இஃது எனக்கு மட்டும் நேர்ந்தது என எண்ண வேண்டா. கேக்வாக் என்னும் பெயர்பெற்ற மென்பொருளை 2017இல் கிப்சன் நிறுவனம் கைவிட்டது. மறு ஆண்டே சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதனை வாங்கி, விலையின்றியே வழங்கியது. இசைக்குறிப்பு எழுதுவோர் முப்பத்தைந்து ஆண்டுகள் நம்பியிருந்த ஃபினாலேயின் வளர்ச்சியை 2024 ஆகஸ்டில் மேக்மியூசிக் நிறுத்தியது. ஓராண்டுக்குப் பின் புதிய கணினியில் அதற்கு உரிமம் பெற இயலாது என்று முதலில் அறிவித்தவர்கள், பயனாளர் எழுப்பிய கூக்குரலால் அதனை விரைவிலேயே திரும்பப் பெற்றனர். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 2022இல் டாங்கிள் இல்லாத முறைக்கு மாறத் தொடங்கி, 2025 மே 20ஆம் நாளோடு தன் பழைய இ-லைசென்சர் சேவையை மூடியது. அந்நாளுக்குமுன் மாற்றிக்கொள்ளாதவர் பழைய கணினியையும் பழைய டாங்கிளையும் உயிரோடு வைத்துக்கொள்ளும் வரைதான் அவர்கள் பாட்டு. நாம் வாங்கியது பொருளன்று, நுழைவுச்சீட்டு. இதனை விற்பவர்கள் சிறிய எழுத்தில் சொல்லத்தான் செய்தார்கள், நான்தான் படிக்கவில்லை.

திருப்பதிக்கு அருகில் வாழ்ந்தவனுக்கு இதில் ஒரு பழங்கதை நினைவுக்கு வராமல் போகாது. அன்னமாசாரியாரின் கீர்த்தனைகளைச் செப்பேடுகளில் வெட்டித் திருமலைக் கோயிலில் ஓர் அறையில் வைத்திருந்தனர். நூற்றாண்டுகள் அவை எவர் வாயிலும் ஒலிக்காமல் கிடந்தன. 1922ஆம் ஆண்டளவில் வெளிச்சத்துக்கு வந்தபொழுது, பாடல்கள் பல்லாயிரம் இருந்தன, இராகத்தின் பெயரும் இருந்தது, மெட்டு இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் பின்னாளில் புதிதாக இசையமைத்தே அவற்றைப் பாட வைத்தனர். செம்பு ஏமாற்றவில்லை. மெட்டு மனிதர் தொண்டையில் இருந்தது. அத்தொண்டைகளின் வரிசை அறுந்துவிட்டது. என் நிலைமை அதற்கு மறுதலை: தொண்டை என்னிடம் இருந்தது, ஏடுதான் பூட்டியிருந்தது.

நிற்க. விற்றதற்கான பட்டியல் இருந்தால் பார்க்கலாம் என்று புதிய உடைமையாளர் மறுமொழி எழுதினர். அட்டைப்பெட்டிகளைக் கிளறியதில் 2006ஆம் ஆண்டின் ரசீது, மங்கிய எழுத்தோடு, அரிசி மண்டி நாட்காட்டி ஒன்றுக்குள் கிடந்தது. அதன் படத்தையும் டாங்கிளின் எண்ணையும் அனுப்பினேன். பதினோராம் நாள் கணக்கு மீண்டது. நேரில் முகம் காணாத எவரோ ஒருவர் ஒரு பழைய ரசீதை நம்பினார். ஆகவே உங்கள் வீட்டிலும் இத்தகைய கணக்கு இருக்குமானால், அலுவலக மின்னஞ்சலை இன்றே மாற்றுங்கள். ரசீதைக் காகிதத்திலும் வையுங்கள். முடித்த பாட்டையும் அதன் ஒவ்வொரு பகுதியையும் முதலிலிருந்து கடைசி வரை முழுநீள வேவ் கோப்பாக எடுத்து வைத்துவிடுங்கள். மூன்றாவதை நான் 2007இல் செய்திருந்தால் அரைமணி நேர வேலை.

மென்பொருள் திறந்தது. துண்டுகள் தத்தம் இடத்தில் அமர்ந்தன. ஆனால் ஒரு வரிசை மட்டும் ஊமையாக நின்றது: தம்பூரா. அதனை நான் ஒலியாகப் பதியவில்லை. வேறொரு சிறு நிறுவனத்தின் மென்கருவியை இசைக்க வைத்திருந்தேன். கோப்பில் இருந்தது ஓசையன்று, ‘இங்கே இந்தச் சுரத்தை ஒலி’ என்ற கட்டளை மட்டுமே. கட்டளை இருந்தது, கேட்க வேண்டிய கருவி இல்லை. அந்நிறுவனம் கடையைக் கட்டிவிட்டது. எழுதிய கடிதங்கள் திரும்பி வந்தன.

வேறு தம்பூரா வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். ஆயினும் அன்று மாலையே மாமாவுக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது. திண்ணையில் மடிக்கணினியை வைத்து அருச்சுனன் தபசை ஒலிக்கவிட்டேன். தெருவில் போன இருவர் நின்றனர். அத்தை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். மாமா கண்ணை மூடாமல் கருவியையே உற்றுப் பார்த்தார். பாட்டு முடிந்ததும், “சுருதி எங்கடா? சுருதி இல்லாமலா பாடினேன்?” என்றார். தம்பூரா போன கதையைச் சொன்னேன். உரிமம், நிறுவனம், கட்டளை ஒன்றும் அவருக்கு ஏறவில்லை.

“ஆர்மோனியத்தைக் கொண்டா” என்றார்.

உள்ளே இருந்து கொண்டு வந்தேன். துருத்தியில் ஒரு கிழிசல். அதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். “மறுபடியும் போடு.” நான்காம் கட்டையை அழுத்தினார், சேரவில்லை. விரல் ஒரு கட்டை மேலே நகர்ந்தது. நாலரைக் கட்டை. ஓசை குரலோடு ஒட்டியது. கை துருத்தியை விடாமல் அசைக்க, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்போ எனக்கு இவ்வளவு இருந்ததா?” என்றார்.