லேசா தூறல் தான்டா

எந்த ஊருன்னு யாராச்சும் கேட்டா ஆரணின்னு சொல்லுவேன். உடனே, "ஓ... பட்டுப்புடவையா?" இல்லீங்க. அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நம்மளது திருவள்ளூர் மாவட்டம், பெரியபாளையம் பக்கம், ஆரணியாத்தங்கரை ஆரணி. பட்டுக்குப் பதிலா கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போற கம்பெனி பஸ் உண்டு. எங்க நைனா இருபது வருஷமா அதுல தான் ஷிப்டுக்குப் போறார்.

டிசம்பர் வந்தா எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்துடும். கொசுவர்த்திச் சுருளை 2022க்குச் சுத்திக்கோங்க.

அப்போ நான் அமெரிக்காவுல, பஃபலோவுல எம்.எஸ். கடைசி செமஸ்டர். நியூயார்க் மாநிலம். "ஓ... சுதந்திர தேவி சிலையா?" இல்லீங்க, அது நியூயார்க் சிட்டி. இது நயாகரா பக்கத்துல, ஈரி ஏரிக்கரையில இருக்கற ஊர். என் ராசி எங்க போனாலும் இதே கதை தான் :-)

டிசம்பர்ல பரீட்சை முடிஞ்சதும் கேம்பஸ் காலியாகிடும். உள்ளூர்ப் பசங்க கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போயிடுவாங்க. நம்மாளுங்கள்ல நியூஜெர்சியில சித்தப்பா, டல்லாஸ்ல அத்தைன்னு இருக்கறவங்க கிளம்பிடுவாங்க. மிச்சம் நானும், சூளூர்பேட்டைக்காரன் ஒருத்தனும். எங்க பொன்னேரி வழியா போற லோக்கல் டிரெயின் கடைசியா நிக்கற ஊர் அவனோடது. 27ஆம் தேதி எனக்கு டிக்கெட். பொங்கல் முடிச்சிட்டுத் திரும்பி வந்து வேலையில சேரப்போறேன்னு வீட்டுல நம்பிக்கிட்டிருந்தாங்க.

அங்க தான் சிக்கல். வேலை குடுக்கறதா சொன்ன கம்பெனி, நவம்பர்ல "ஆள் எடுக்கறதை நிறுத்திட்டோம், மன்னிக்கவும்"னு ரெண்டு வரி மெயில் அனுப்பிடுச்சு. படிப்பு முடிஞ்சு அங்கயே வேலை பாக்க ஓபிடின்னு ஒண்ணு தருவாங்க. அது தொடங்கினா மொத்தம் 90 நாளுக்கு மேல வேலையில்லாம இருக்கக் கூடாது. வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்கு. இதையெல்லாம் போன்ல எப்படிச் சொல்றது? சொல்லல.

டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. எனக்கு அப்போ மத்தியானம். டேவிஸ் ஹால்ல லேப்ல உக்காந்து ஒரு விண்டோவுல பிராஜெக்ட், இன்னொண்ணுல சன் நியூஸ். பிச்சாட்டூர் அணையைத் திறந்தா எங்க ஆத்துல தண்ணி வருமேன்னு வேற பயம். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"லேசா தூறல் தான்டா. காத்து கூட இல்ல. நீ சாப்டியா?"

நம்பிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு என் முறை. டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை காலையில பனிப்புயல். நவம்பர்லயே ஊருக்குத் தெற்கால ஆறு அடிக்கு மேல கொட்டியிருந்தது. எங்க பக்கம் அவ்வளவு இல்ல. அதனால ஒரு அலட்சியம். ஈரி ஏரி இன்னும் உறையல. அது மேல வர்ற குளிர்காத்து ஈரத்தை அள்ளிட்டு வந்து, கிழக்கு முனையில இருக்கற பஃபலோ தலையில கொட்டும். அன்னிக்குக் காத்து 110 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுச்சு. எதிர்வீடு தெரியல. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டியெல்லாம் பனியில மாட்டிக்கிச்சு. நயாகரா பார்க்க வந்த கொரியாக்காரங்க வேன் சிக்கி, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் வீட்டுல தங்கி அங்கயே சமைச்சுச் சாப்பிட்டது செய்தியில கூட வந்தது.

சாயங்காலம் கரண்ட் போச்சு. ஹீட்டர் ஓடறது கேஸ்ல தான், ஆனா சூடான காத்தைத் தள்ளற ஃபேனுக்குக் கரண்ட் வேணுமே! ஸ்வெட்டர், அதுக்கு மேல ஜெர்கின், அதுக்கு மேல கம்பளின்னு ரெண்டு பேரும் மூட்டை மாதிரி கிடந்தோம். அம்மா போன்.

"டிவியில என்னமோ காட்றாங்களேடா?"

"லேசா ஸ்னோ தான்மா. நைனா டூட்டிக்குப் போயிட்டாரா?"

மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டுப் பாட்டி எங்களைப் போன்ல கூப்பிட்டாங்க. நவம்பர்ல அவங்க வாசல் பனியை நாங்க தள்ளிவிட்டிருந்தோம். அவங்க வீட்டுல கரண்ட் தேவைப்படாத பழைய கேஸ் ஹீட்டர் ஒண்ணு இருந்தது. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பதினஞ்சு அடி கூட இருக்காது. இடுப்பளவு பனியில கையைக் கோத்துக்கிட்டுப் போய்ச் சேர கால் மணி நேரம் ஆச்சு. கிறிஸ்துமஸ் ஈவ் அவங்க கூடத்துல தான். ஓட்ஸ் கஞ்சி, பிஸ்கட், மெழுகுவர்த்தி. மகன் வர முடியாம கிளீவ்லாண்ட்ல மாட்டிக்கிட்டாராம். அவர்கிட்ட பாட்டி போன்ல, "நல்லா இருக்கேன், கவலைப்படாதே"ன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லிட்டு, வச்சதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

அதைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆகிடுச்சு. கிறிஸ்துமஸ் காலையில, பவர் பேங்க்ல மிச்சமிருந்த சார்ஜ்ல வீட்டுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் கொட்டிட்டேன். கரண்ட் இல்லாதது, பக்கத்து வீட்டுல இருக்கறது, வேலை போனது, எல்லாம்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன்.

"அன்னிக்குப் புயல்ல பின்பக்க ஷீட்டு பறந்து போச்சுடா. ராத்திரி பூரா நானும் நைனாவும் மாமா வீட்டுல தான் இருந்தோம். உனக்குப் பரீட்சைன்னு சொல்லல."

அப்புறம் நைனா வாங்கிப் பேசினார். ஒரே வரி: "பத்திரம் பேங்க்ல இருக்கட்டும், நீ வீட்டுக்கு வா."

அந்தப் புயல்ல அந்த மாவட்டத்துல மட்டும் 40 பேருக்கு மேல செத்துப்போனாங்க. வண்டிக்குள்ள மாட்டிக்கிட்டு, வெளியில நடந்து போய், உதவி வந்து சேராமன்னு. நாங்க இருந்த அந்தக் கூடத்தோட அருமை அதைப் படிச்சப்ப தான் உறைச்சுது. ஏர்போர்ட்டை 28ஆம் தேதி தான் திறந்தாங்க. எனக்கு ஜனவரி முதல் வாரம் தான் சீட்டு கிடைச்சுது. கிளம்பறப்ப பாட்டிக்கு ஒரு டப்பா ரசப்பொடி குடுத்தேன். என்ன பண்ணாங்களோ!

போகிக்கு ஆரணியில இருந்தேன். பின்பக்கம் புது ஷீட்டு, நீலக் கலர். அந்தக் குடும்பக் கணக்குல நான் அமெரிக்கா திரும்பிப் போறது சரிப்படல. சென்னையிலயே வேலை தேடிக்கிட்டேன். இஎம்ஐ இன்னும் ஓடுது. வருத்தமான்னு கேட்டா, சில நாள் உண்டு, பல நாள் இல்ல.

இப்பவும் மழை பிடிச்சா ஆபீஸ்ல இருந்து போன் போடுவேன். "லேசா தூறல் தான்டா"ம்பாங்க.

"சரிம்மா, வீடியோ கால்ல வந்து அந்த நீல ஷீட்டைக் காட்டு." :-)