பெருங்கலமா, சிற்றோடமா?

கிடர்பூர் என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே நம் மனக்கண்முன் எழுவன கப்பல்களும் பாரந்தூக்கிகளுமே. 1890களின் தொடக்கத்தில் திறக்கப்பெற்ற இவ்வூர்க் கப்பல்துறைகள் இன்றும் இயங்கி வருகின்றன. கடலோ இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. ஊக்ளி ஆற்றில் ஓதம் ஏறும் வேளை பார்த்து, அடைப்புக் கதவுகள் திறக்க, கலங்கள் ஒவ்வொன்றாய் உள்ளே வருகின்றன. தமிழில் ‘வங்கம்’ என்னும் சொல்லுக்கு மரக்கலம் என்றும் பொருள் உண்டு. வங்கத்தில் வாழும் தமிழராகிய நாம் வங்கத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமே அன்றோ?

பூசை விடுமுறையும் குளிர்காலமும் நெருங்கும்போது நம் குடும்பங்களில் ஒரு வழக்கு எழுவதுண்டு. பிள்ளைகள் உல்லாசக் கப்பல் வேண்டும் என்பர்; தந்தையார் செலவுக் கணக்கைப் பார்த்துப் படகே போதும் என்பார்; பாட்டியார் தண்ணீர்ப் பக்கமே வேண்டாம் என்பார். ஊருக்குப் போய் வருவதிலேயே விடுப்பில் பெரும்பகுதி கழிந்துவிடும் நமக்கு, எஞ்சிய நாலைந்து நாளை எவ்வாறு செலவிடுவது என்பது சிறிய கேள்வியன்று.

நீர்வழியே இன்பத்திற்காகச் செல்வது அண்மைக் காலத்துப் பழக்கம். இக்கரைகளில் முன்னாளில் கப்பலேறியவருள் மிகப் பலர் வயிற்றுப்பாட்டிற்காக ஏறியவர்களே. 1873ஆம் ஆண்டில் ‘லல்லா ரூக்’ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளைக் கொல்கத்தாவிலிருந்து ஏற்றிச் சென்று, ஜூன் 5 அன்று தென்னமெரிக்காவிலுள்ள சுரினாமை அடைந்தது. கிடர்பூரை அடுத்த கார்டன் ரீச்சில் ஒரு படித்துறை இன்றும் ‘சுரினாம் காட்’ என்றே வழங்குகிறது. கிடர்பூரில் இளமையைக் கழித்த வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் பிழைப்பை நாடிச் சென்னை சென்று, 1848 முதல் 1856 வரை அங்கு வாழ்ந்தார். நாம் தெற்கிலிருந்து வடக்கே வந்தோம். அவர் வடக்கிலிருந்து தெற்கே போனார். சென்னையையும் நாகப்பட்டினத்தையும் மலாயாவோடு பல்லாண்டுகள் இணைத்த ‘ரஜுலா’க் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துச் சென்ற நம்மவரும் உல்லாசத்திற்காகச் சென்றவர் அல்லர்.

இன்றைய உல்லாசக் கப்பலோ வேறோர் உலகம். 2024இல் தன் முதற்பயணம் தொடங்கிய ‘ஐக்கான் ஆஃப் த சீஸ்’ 365 மீட்டர் நீளமும் 20 தளங்களும் கொண்டது; நிறைந்தால் 7,600 பயணிகள் வரை கொள்ளும். இவ்வளவு பெரிதன்றாயினும், நம் நாட்டிலும் 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டு விசாகப்பட்டினம் சென்று வந்தது. இத்தகைய கப்பல்களின் நன்மையை மறைத்தல் நேர்மையாகாது. முழங்கால் வலியுள்ள முதியோர் மின்தூக்கியில் ஏறி இறங்கலாம், மருத்துவர் உடனிருப்பார், மூட்டையை ஒரு முறை அவிழ்த்தால் போதும். ஆயினும் நம் மனத்திற்கு ஒரு குறை தோன்றுகிறது. நீச்சற்குளம், நாடக அரங்கு, கடைவீதி எனக் கடலின் நடுவே கடலை மறந்திருப்பதற்கான ஏற்பாடுகளே அங்கு மிகுதி.

மேலும், அத்தகைய பெருங்கலம் கிடர்பூருக்கு வர இயலாது. வண்டல் நிறைந்த ஆறும், துறையின் குறுகிய வாயிலும் அதற்கு இடம் தாரா. தாமோதர், ரூப்நாராயண் ஆறுகள் ஊக்ளியோடு கலக்கும் பகுதியிலுள்ள ‘ஜேம்ஸ் அண்ட் மேரி’ மணல்திட்டு, 1694இல் அங்கு அழிந்த ஒரு கப்பலின் பெயரையே தாங்கி நிற்கிறது. பெரிய கலங்களுக்காக ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஹால்தியாத் துறை 1977இல் அமைந்தது.

இந்த ஆற்றுக்கு இசைந்த அளவில் நமக்கு வாய்த்தது அந்தமான் கப்பல். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு இங்கிருந்து சுமார் 1,250 கிலோமீட்டர்; மூன்று நான்கு நாள் பயணம். வசதியுள்ளோர்க்குத் தனி அறை. மற்றையோர்க்குப் பொதுக் கூடத்தில் அடுக்குக் கட்டில். உடன் வருவோரில் பலர் ஊர் திரும்பும் தீவுவாசிகள். அவருள் தமிழரும் உளர். சாகர் தீவைக் கடந்தபின் சேற்று நிறம் மெல்ல மாறி நீலம் படர்வதை மேல்தளத்தில் நின்று காணலாம். பெருங்கலத்தில் செல்ல விழைவோர்க்கு நாம் முதலில் பரிந்துரைப்பது இதனையே.

சிற்றோடத்தின் பெருமையை அறிய, சியால்டாவில் உள்ளூர் இரயிலேறிக் கானிங் செல்லல் வேண்டும். கொல்கத்தாத் துறை மண்மூடிவிடுமோ என்று அஞ்சிய ஆங்கிலேயர், மாத்லா ஆற்றங்கரையில் அவ்விடத்தே ஒரு புதுத் துறைமுகம் அமைத்தனர். ‘சைக்ளோன்’ என்னும் சொல்லைப் படைத்த ஹென்றி பிடிங்டன் அவ்விடம் புயலுக்கு இரையாகும் என்று 1853இலேயே எச்சரித்தார். 1867இல் புயல் வந்தது, துறை சிதைந்தது, சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. பெருங்கலங்களுக்கென வகுத்த அவ்வழியே இன்று சிறு படகு நாடுவோர் செல்லும் வழி. கானிங்கிலிருந்து சாலை வழியே கொட்காலியை அடைந்தால் சுந்தரவனத்துப் படகுகள் காத்திருக்கும்.

பிச்சாவரம் கண்டவர்க்கு அலையாத்திக் காடு புதிதன்று. ஆனால் இதன் பரப்பு வேறு, ஆறுகளின் அகலம் வேறு. ஓதம் வடிந்தால் சேற்றுக் கரையில் முதலை வெயில் காயும்; மீன்கொத்தி கிளையில் அமர்ந்திருக்கும். புலி தென்படுவது நல்லூழ். சஜ்னேகாலியில் வனதேவதை வனபீவிக்கு ஒரு சிறு கோயில் உண்டு. காட்டிற்குள் செல்வோர், இந்துக்களும் முஸ்லிம்களும், அவளை வணங்கியே செல்வர். நம் ஊர் எல்லையில் நிற்கும் ஐயனாரை அது நினைவூட்டும். படகோட்டி நம் பிள்ளைகளின் வினாக்களுக்கு வங்க மொழியில் விடை சொல்வார். பிள்ளைகள் அதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்வர். இந்த இன்பம் இருபது தளங்களுள்ள கப்பலில் கிடைக்குமா?

சிறியதெல்லாம் எளியது என்பதும் தவறு. 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியில் புறப்பட்டுத் திப்ருகரை அடைந்த ‘கங்கா விலாஸ்’ 36 பேரை மட்டுமே கொள்ளும். அது செல்வர்க்கே உரியது. எளிய படகிலோ வேறொரு கவலை உண்டு. உயிர்காப்பு அங்கி எத்தனை உள்ளது, படகு அளவுக்கு மேல் ஏற்றுகிறதா, வன அனுமதியும் வழிகாட்டியும் உண்டா என்பனவற்றை முன்பணம் தருமுன் கேட்டறிதல் குடும்பத் தலைவரின் கடமை. நீந்தத் தெரியாத பிள்ளைகள் நம்மிடையே மிகுதி என்பதை மறத்தல் ஆகாது.

எனவே நம் முடிவு இது: முதியோர்க்குத் துணையும் வசதியும் வேண்டின் பெருங்கலம்; கடலைக் காண அந்தமான் கப்பல்; நீரோடும் நிலத்தோடும் உறவு கொள்ளச் சிற்றோடம். ஒன்றையே தேர்க எனின் சிற்றோடத்தையே தேர்வோம். இரண்டிற்கும் இவ்வாண்டு பொருள்வசதி இல்லாதோர் வருந்த வேண்டா. 1856இல் அயோத்தி நவாபு வாஜித் அலி ஷா நாடிழந்து வந்திறங்கிய மெட்டியாபுரூஸ், கிடர்பூரை அடுத்தே உள்ளது. அங்குள்ள துறையிலிருந்து சில ரூபாயில் எதிர்க்கரை நசீர்கஞ்சிற்குப் படகு போகிறது. ஒரு ஞாயிறு மாலை பிள்ளைகளை அழைத்துச் சென்று வருக.