கற்பதற்கு அரிய கருவி

இசைக் கருவிகளுள் கற்பதற்கும் வாசிப்பதற்கும் மிகக் கடினமானது எது? நண்பர்கள் நால்வர் கூடினால் நாற்பது விடை கிடைக்கும் வினாக்களுள் இதுவும் ஒன்று. வயலின் என்பார் ஒருவர். வீணை என்பார் மற்றொருவர். நாகசுரமே என்று மேசையைத் தட்டுவார் இன்னொருவர். மேனாட்டாரைக் கேட்டால் ஓபோ என்பார்கள், பிரெஞ்சுக் கொம்பு என்பார்கள். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பிறந்து வளர்ந்தவன், இயற்பியல் பயில்பவன் என்ற இரண்டு உரிமையிலும் எனக்கும் ஒரு விடை உண்டு. அதைச் சொல்லுமுன் மற்றக் கருவிகளுக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடுகிறேன்.

வீணையிலே மெழுகில் பதித்த 24 மெட்டுகள் விரலுக்கு வழிகாட்டுகின்றன. வயலினில் அந்த உதவியும் இல்லை. விரல் மயிரிழை பிசகினால் சுரமும் பிசகும். மேனாட்டிலிருந்து வந்த அந்தக் கருவியை முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1858) நம் இசைக்கு வசப்படுத்தினார் என்றால் அது சிறிய செயலா?

நாகசுரமோ இன்னும் ஒரு படி மேல். விரல் வைக்கும் துளைகள் ஏழே ஏழு. ஏழு துளைக்குள் அடங்காத நுண்சுரங்களையெல்லாம் உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் அளவாலும் பிறப்பிக்க வேண்டும். சீவாளியின் ஈரம் மிகுந்தாலும் குற்றம். அது காய்ந்தாலும் குற்றம். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) கையாண்டு பெருமை சேர்த்த நீண்ட பாரி நாயனத்துக்கு எத்தனை மூச்சு வேண்டும் என்பதை, ஒருமுறை ஊதிப் பார்க்க முயன்றவர்களே அறிவர். நாயனத்துக்குப் பெயர்பெற்ற நரசிங்கம்பேட்டைக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் செய்தித்தாளில் படித்து மகிழ்ந்தோம்.

ஆனால் நாயனக்காரருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருப்பாரே, அவரை யாராவது கவனித்ததுண்டா? அவர்தான் ஒத்துக்காரர். ஒத்தும் பார்வைக்கு நாயனம் போலவே இருக்கும். விரல் துளைகள் மட்டும் கிடையா. ஒரே சுரம். அதை அறுபடாமல் ஊத வேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கி அதை வெளிவிட்டுக்கொண்டே மூக்கால் புதுக்காற்றை இழுக்க வேண்டும். நாயனக்காரர் பாட்டுக்கிடையே நின்று மூச்சு வாங்கலாம். ஒத்துக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. அப்படிப்பட்ட உழைப்புக்கு நம் மொழி அளித்த பரிசு என்ன தெரியுமா? சொந்தப் புத்தி இல்லாமல் அடுத்தவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை "ஒத்து ஊதுகிறான்" என்கிறோம்! இப்போது பெரும்பாலும் அவருடைய இடத்தில் மின்சாரச் சுருதிப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

ஒத்துக்கு நேர்ந்த இந்தக் கதி, இன்னும் பன்மடங்காக, நான் சொல்ல வந்த கருவிக்கும் நேர்ந்தது. அது பறை.

"பறையா? அதை யார் வேண்டுமானாலும் அடிக்கலாமே!" என்று முறுவலிப்பவர்களுக்கு முதலில் இயற்பியலால் விடை கூறுகிறேன். இழுத்துக் கட்டிய நரம்பு அதிர்ந்தால் அதன் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண் விகிதத்தில் அமைகின்றன, காதுக்கு இனிக்கிறது. வட்டத் தோல் அப்படியன்று. அதன் விகிதம் 1.59, 2.14, 2.30 என்று முறை தவறிப் போகும். மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பியிருக்கும் கரிய சாந்துதான் இந்த முறைகேட்டைத் திருத்தி மேற்சுரங்களை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. இதை 1920-இல் 'நேச்சர்' இதழில் எடுத்துக்காட்டியவர் நம் சர் சி. வி. இராமன், நோபல் பரிசு பெறுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு.

பறைக்குச் சாந்தும் இல்லை. வாரை இழுத்துச் சுருதி கூட்டும் வசதியும் இல்லை. மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய ஒரு தோல், அவ்வளவுதான். அதற்குச் சுருதி கூட்டுவது நெருப்பு. வைக்கோலைக் கொளுத்தி அதன் மேல் காட்டினால் தோலிலுள்ள ஈரம் போய் விறைக்கும். ஒரு கணம் தாமதித்தால் தோல் வெடிக்கும்; ஒரு கணம் முந்தினால் ஒலி தொங்கும். மார்கழிப் பனியிலே நாலு தெரு போவதற்குள் இறங்கிவிடும். மறுபடியும் நெருப்பு மூட்ட வேண்டும். எந்தச் சபாவில் எந்த வித்துவான் இப்படி வாசிக்கிறார்?

கையின் வேலையைப் பாருங்கள். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இடக்கையில் மெல்லிய நீண்ட மூங்கில் சிம்புக்குச்சி. தோளில் தொங்கும் பறையை உடம்போடு அணைத்துப் பிடிப்பதும் இடக்கை. சிம்படிப்பதும் அதே இடக்கை. இதற்கிடையே காலும் ஆட வேண்டும். ஒத்தையடி, சப்பரத்தடி, மாரடிப்பு அடி என்று அடிகள் பல. எதற்கும் ஏடு கிடையாது. வாயால் சொல்லிக் கையால் வாங்க வேண்டும். தொல்காப்பியமே ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையை வைத்திருக்கிறது. வைத்தும் என்ன பயன்? ஊர் அதைச் சாவோடும் சாதியோடும் சேர்த்துக் கட்டிவிட்டது.

அந்தக் கட்டுதான் உண்மையான கடினம். என் தாய்மாமன் முப்பது ஆண்டுகள் பறை அடித்தவர். அவர் பறை கதவுக்குப் பின்னால் சாக்குப்பைக்குள் தொங்குகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அடி கற்றுத் தரும்படி நான் கேட்டபோதெல்லாம் அவர் சொன்ன விடை ஒன்றே: "மாப்ள, நீ குச்சியப் புடிச்சேன்னு தெரிஞ்சா நாளைக்கே எவன் வூட்டுச் சாவுக்காச்சும் வந்து கூப்புடுவான். வரலன்னா கோச்சிக்குவான். நீ பேனாவப் புடி." வயலின் ஆசிரியர் மாணவனைத் தேடுகிறார், வீணை ஆசிரியர் கட்டணம் வாங்கிக்கொண்டாவது சொல்லித் தருகிறார். அறிந்தவர் அன்பு காரணமாகவே கற்றுத் தர மறுக்கும் கருவியை எவ்வாறு கற்பது?

ஒருநாள் அவரே சொன்னார்: "சாவு வூட்ல அடிக்கிறவன் அழக்கூடாதுடா. அழுதா அடி ஓடிப்பூடும்." மேளக்காரர் கண்ணீரைத் தாளத்துக்குள் அடக்கும் அந்தப் பயிற்சியை எந்தப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது?

2024 ஜூனில் எங்கள் கருணாபுரத்தின் பெயரை நாடே அறிந்தது. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்தக் கொடுமையை விரித்துரைக்க இது இடமன்று. ஆயினும் பறையைப் பற்றி எழுதுகிறவன் அந்த வாரத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. மாமா சாக்கைப் பிரித்துப் பறையை வெளியே எடுத்தார். வைக்கோலும் கொண்டுவந்து போட்டார். பற்ற வைக்கவில்லை. தெருவின் இரு பக்கமும் பந்தல். எந்த வாசலில் நின்று முதலில் அடிப்பது? "ஊர்ச் சாவுக்கெல்லாம் அடிச்ச கை. இது நம்ம சாவுடா" என்றார். பறையைத் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பாடை தூக்க ஆள் பற்றாத வீட்டுக்குப் போய்விட்டார். முப்பது ஆண்டில் அவருக்குக் கைவராத அடி அது ஒன்றுதான் என்று எண்ணுகிறேன்.

காலம் மாறாமலும் இல்லை. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறை முழக்குகிறார்கள். நகரத்து மாணவர்கள் பயிற்சிப் பட்டறைக்குப் போய்ப் பறை பழகி வருகிறார்கள், வரவேற்கிறேன். பட்டறை முடிந்ததும் அவர்களைச் சாவுக்கு அழைக்க யாரும் வருவதில்லை என்பதையும் சற்றே பொறாமையோடு குறித்துக்கொள்கிறேன்.

வேலு ஆசானின் செய்தியை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். இருமுறை படிக்கச் சொன்னார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவராகவே வைக்கோலைக் கொளுத்திப் பறையை என் கையில் கொடுத்துத் தீயில் காட்டச் சொன்னார். நான் கைப்பேசியில் அதிர்வெண் காட்டும் செயலியைத் திறந்து வைத்திருந்தேன். தோல் விறைக்க விறைக்கக் கோடு மேலே ஏறியது. கோடு நிலைக்குமுன்பே மாமா, "போதும், எடு" என்றார். எடுத்துச் சுண்டினால் ஒலி கணீரென்றது. மூன்று முறை இப்படிச் செய்தோம். மூன்று முறையும் செயலியை அவர் காது முந்திற்று.

இப்போது ஞாயிறுதோறும் நான்தான் தோல் காய்ச்சுகிறேன். "போதும்" என்று சொல்லும் பொறுப்பையும் சென்ற வாரம் என்னிடமே விட்டுவிட்டார். குச்சிகளை மட்டும் இன்னும் தம் மடியிலேயே வைத்திருக்கிறார்.