கல்லில் பொறிக்கப்படாத பெயர்கள்

மணிகளைப் பற்றிப் பேசுவோர் அவற்றை அணிந்தவர்களைப் பற்றியே பேசுவது உலக வழக்கு. கல்லைத் தீட்டிய கை யாருடையது என்று கேட்பார் அரியர். என் தந்தையார் திருச்சியில் செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டி எங்களை வளர்த்தவர். ஆதலின் இக்கேள்வி என்னைச் சிறு வயது முதலே தொடர்ந்து வருகின்றது.

இன்றைய ஈராக் நாட்டின் தென்பகுதியில் 'ஊர்' என்னும் பழம்பதி உள்ளது. ஆபிரகாம் புறப்பட்ட இடம் அதுவே என்பது பலர் கருத்து. 1922 முதல் 1934 வரை இலியோனார்டு வுல்லி என்னும் ஆங்கில அறிஞர் அங்கு அகழ்வாய்வு நடத்தினார். ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட அரச கல்லறைகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றில் ஓர் அரசி பொன்னும் நீலக்கல்லும் சூதுபவளமும் சூடிக் கிடந்தார். நீலக்கல் முத்திரையொன்றில் பெயர் பொறிக்கப்பட்டிருந்தமையால் அவரைப் பூவாபி என அறிகின்றோம். மற்றொரு குழியிலோ 74 பேர் கிடந்தனர்; அவர்களுள் 68 பேர் பெண்கள். அவர்கள் தலையிலும் கழுத்திலும் மணிகள் இருந்தன, பெரும்பாலோர்க்குப் பெயர்தான் இல்லை.

அந்த நீலக்கல் ஆப்கானித்தானத்தின் பதக்சான் மலைகளில் வெட்டப்பட்டது. நீண்ட சூதுபவள மணிகளோ சிந்துவெளிக் கைவினைஞர் செய்தவை. கல்லை நெருப்பிலிட்டுச் செந்நிறம் ஏற்றி, அதனினும் கடிய கல் ஊசியால் துளையிட்டனர். நீண்ட மணி ஒன்றைத் துளைக்கவே பல நாட்கள் பிடிக்கும். குசராத்து மாநிலத்துக் கம்பாத்து நகரில் இத்தொழில் இன்றும் நடைபெறுகின்றது. அங்கே கல்லைத் தீட்டும்போது எழும் தூசு தொழிலாளரின் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிசு என்னும் நோயைத் தருகின்றது. அதனைக் குணமாக்கும் மருந்து இல்லை. மணி ஒளி பெறுகின்றது. தீட்டியவன் மூச்சு இழக்கின்றான்.

திருமறையைப் புரட்டும்போது மட்டும் என் உள்ளம் ஆறுதல் கொள்ளும். விடுதலைப் பயண நூலின் 28-ஆம் அதிகாரத்தில் தலைமைக் குருவின் மார்புப்பட்டை விவரிக்கப்படுகின்றது. நான்கு வரிசைகளில் பன்னிரு கற்கள். அவற்றில் இஸ்ரயேலின் பன்னிரு குலங்களின் பெயர்கள். குரு அவற்றை நெஞ்சின்மேல் சுமந்தே தூயகத்தில் நுழைய வேண்டும். அந்நூலே 31-ஆம் அதிகாரத்தில் பெட்சலேல் என்னும் கைவினைஞரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றது. கல்லை வெட்டிப் பதிக்கும் திறனையும் இறை ஆவியின் கொடை என அது உரைக்கின்றது. அரசிகளின் பெயரை மட்டும் காத்த பழமையுலகில் ஒரு கல்தச்சரின் பெயர் காக்கப்பட்டது சிறு செய்தியன்று.

என் தந்தையார் தீட்டி முடித்த கல்லைச் சாளரத்து வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்ப்பார்; பின்னர்ப் பொட்டலத்தில் இட்டுவிடுவார். கல்லுக்கு இத்தனை காசு என்ற கணக்கு மட்டுமே எஞ்சும். அக்கற்கள் எவர் காதில், எவர் விரலில் மின்னுகின்றனவோ, யானறியேன்.

அன்புக்குரிய குடும்பத்தினரே, திருமணத்திற்கோ புதுநன்மைக்கோ நகை வாங்கும் நாளில், விலையைக் கேட்டபின் இன்னொன்றும் கேளுங்கள்: இதனைத் தீட்டியவர் யார்? கடைக்காரருக்கு விடை தெரியாதிருக்கலாம். ஆயினும் பெயரறியாத அவருக்காக அன்று மாலைச் செபத்தில் ஒரு மன்றாட்டைச் சேர்த்துக்கொள்ள நம்மால் இயலும் அன்றோ?