மூன்று ராத்திரி மதுரை, இரண்டு ராத்திரி தீவு

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகிறது. காதுகுத்து, துக்கம் என்றுதான் வெளியூர் போயிருக்கிறேன். ஊர் பார்க்கக் கிளம்பியது இதுவே முதல் தடவை. என்னவர் போட்ட திட்டத்தில் தினம் ஒரு லாட்ஜ்! "மூட்டை கட்டி அவிழ்ப்பது நான்தானே?" என்றேன். பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டார்.

மூன்று ராத்திரியும் மதுரையிலேயே தங்கல். அங்கிருந்து ஒருநாள் திருப்பரங்குன்றம், ஒருநாள் அழகர்கோவில், பழமுதிர்சோலை. மீனாட்சி கோயில் மதியம் நடை சாத்துவதை மறந்து, முழங்கால் வலிக்கார மாமியாரை வெயிலில் நிற்க வைத்தது என் தப்பு. மறுநாளிலிருந்து மதியம் சாப்பாடு, தூக்கம். வெயில் தாழ்ந்த பிறகே வெளியே.

பிறகு ராமேஸ்வரம். 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் பஸ் ஏறியதும் இருபுறமும் கடல். மாமியார் பேச்சையே நிறுத்திவிட்டார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த செய்தி வந்தபோது அவருக்கு ஒன்பது வயதாம்.

மறுநாள் காலை இருபத்திரண்டு தீர்த்தம் மட்டும். ஈரத்தரை வழுக்கும், வயதானவர்களுக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஈரத்துணியோடு சந்நிதிக்கு விடமாட்டார்கள், மாற்றுப் புடவை கையிலேயே இருக்கட்டும்.

கடைசி நாள் தனுஷ்கோடி. இடிந்த சர்ச்சுக்கு எதிரே மணலில் உட்கார்ந்த மாமியார் அரைமணி எழுந்திருக்கவில்லை. வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். "இருக்கட்டும்ப்பா" என்றேன். அன்றைக்கென்று வேறெதையும் நான் எழுதி வைக்கவில்லை.